முந்திப் போன காலை

குடவாசலில் எங்கள் தெருவைத் தாண்டினால் வாய்க்கால் கரை ரோடு. டாக்டர் நடக்கச் சொன்னதும் அங்கேதான் போனோம். சர்க்கரை எனக்கு, நடை இரண்டு பேருக்கும். "நாய்த் தொல்லை, தனியாப் போகாதே" என்று என் வீட்டுக்காரர் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

கிளம்பினாரே தவிர, நடந்தாரா? பிராகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாகப் போவார். எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னே, பெண்டாட்டி பின்னே. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அப்படித்தான் போயிருக்கிறேன். முந்திப் போனால், பால் வாங்கி வருகிறவர்கள் "என்ன டீச்சர், வீட்டில சண்டையா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம், அடுப்படி, விடைத்தாள் என்று ஏற்கெனவே அலுத்துக் கிடந்தேன். பதில் சொல்லத் தெம்பில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் நடந்தேன். ஒரு பொட்டு வேர்வை வரவில்லை.

"வேகமா நடக்கறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"தினம் நடக்கறோம் சார்" என்று அவர் முந்திக்கொண்டார்.

"குறையவே இல்லையே. அடுத்த தடவையும் இப்படின்னா ஊசிதான்."

என் அக்காவுக்கு ஊசியில் ஆரம்பித்து, கால் விரலை எடுப்பதில் போய் நின்றது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் பாதி ரோட்டை அடைத்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் படுத்திருந்த செவலை நாய் எழுந்து வந்தது. அவர் கம்பை ஓங்கினார். அது ஒதுங்கி என் பின்னால் சேர்ந்துகொண்டது. அவரோ இன்னும் மெதுவாகப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நகருங்க" என்று சொல்லி அவரைத் தாண்டினேன். நாயும் கூடவே வந்தது. வேர்த்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் நடப்பதில் சந்தோஷம் இருந்தது. பம்புசெட் கொட்டகை வரை போய்த் திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம்.

திரும்பி ஓடினேன். வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். கம்பு கீழே கிடந்தது. வாய் திறந்திருந்தது.

"என்னங்க, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது. கொஞ்ச நாளா இப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நடக்கறதை விட்டுடுவே."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. என்ன மனுஷன் இவர்.

ஆஸ்பத்திரியில் பார்த்து, இதயத்தில் அடைப்பு என்றார்கள். மருந்து கொடுத்து, முடிந்த தூரம் மட்டும் மெதுவாக நடந்தால் போதும் என்றார்கள். இப்போது அவர் மதகு வரை வந்து உட்கார்ந்துகொள்கிறார். நான் மட்டும் பம்புசெட் வரை போவதும் வருவதுமாக இருக்கிறேன். நாய் அவர் காலடியில் படுத்துக்கொள்கிறது. எழுந்திருக்க அவருக்கு அந்தக் கம்பு உதவுகிறது. சண்டையா என்று யாரும் கேட்பதில்லை.

சர்க்கரை குறைந்துவிட்டது. "இப்பதான் சரியா நடக்கறீங்க" என்று டாக்டர் பாராட்டினார். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. போகும்போது நான் மெதுவாகத்தான் போகிறேன். திரும்பும்போதுதான், அவர் நேராக உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறவரை ஓட்டமாக வருகிறேன்.