எண்பது சென்டிமீட்டர் கதவும் ஒரு மலையும்

பால்ஸ் ஹெஃப்டி மலையை நேசித்தவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பத்து நான்கு வருஷம் தபால் பேருந்து ஓட்டியவர் அவர். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, சுற்றுலாக் கார்க்காரர்களை மனதுக்குள் திட்டி, பாதையில் உருண்டு கிடக்கும் கல்லைத் தானே இறங்கித் தள்ளி அலுத்துப்போனவர். ஓய்வு பெற்ற அன்று, இனி ஊருக்கு மேலே நிற்கும் கிளேர்னிஷ் மலையின் முகத்தில் முழிப்பதில்லை என்று மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தார். அடுத்த மாதமே அதே மலையை, ஊரோடும் பொம்மை ரயிலோடும் சின்ன அளவில், தன் வீட்டுக்கு அடியில் கட்ட ஆரம்பித்துவிட்டார். இந்த மலையில் கல் விழாது, ரயில் தாமதமாகாது. பேருந்துக்கு இடமே கிடையாது.

வீட்டுக்கு அடியில் என்றால் பதுங்கறையில். போர் வந்தால் குடும்பத்தோடு இறங்கி ஒளிந்துகொள்வதற்கான கான்கிரீட் அறை அது. கதவு மட்டுமே இருபது சென்டிமீட்டர் கனம். போர்தான் வந்தபாடில்லை. ஆகவே ஊரில் ஆளாளுக்கு அதில் எதையாவது போட்டு வைத்திருந்தார்கள். சிலர் ஒயின், சிலர் பனிச்சறுக்குப் பலகை, சிலர் தூக்கி எறிய மனசு வராத மாமியாரின் நாற்காலி. பால்ஸ் மலையைப் போட்டு வைத்தார். அதுவரை அங்கே குடியிருந்த உருளைக்கிழங்கு மூட்டை அகதியாகப் படுக்கையறைக்கு வந்து, மனைவி டோர்லியின் கட்டில் பக்கம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

பதினோரு வருஷ வேலை. கம்பி வலை, அதன்மேல் கோந்தில் நனைத்த செய்தித்தாள், அதன்மேல் சுண்ணச்சாந்து. புல்லுக்குக் கடைப் பச்சை எதுவும் பிடிக்காமல், ஊர்ப் பெருமையான பச்சைப் பாலாடைக்கட்டியைத் துருவித் தூவிப் பார்த்தார். நிறம் அச்சு அசல். மூன்றே நாளில் எலிகள் வந்து மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்துவிட்டுப் போயின. அணுகுண்டைத் தடுக்கும் கதவால் எலியைத் தடுக்க முடியவில்லை. வீடுகளை அளவெடுக்கிறேன் என்று பைனாகுலரோடு அடுத்தவர் ஜன்னல்களை எண்ணிக்கொண்டு நின்றதில் போலீஸ்காரர் ஒருமுறை வந்து விசாரித்தார். அவர் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் பால்ஸ் அனுப்பினார். டோர்லிக்கு உள்ளே வரத் தடை. ஒருநாள் அவருடைய சட்டைக்கை பட்டு மாதாகோவில் கோபுரம் சாய்ந்ததிலிருந்து அப்படி.

பிறகு ஊராட்சியிலிருந்து பதுங்கறைகளைச் சோதிக்க லாய்ட்சிங்கர் என்ற பெண் அதிகாரி வந்தார். காற்றுக் குழாயைத் திருகிப் பார்த்தார், கதவை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் மலையைச் சுற்றி வந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு சார். இதை எப்படி வெளிய எடுப்பீங்க?"

"எதுக்கு எடுக்கணும்?"

"போர் வந்தா நீங்க எங்க போவீங்க?"

"இங்கதான் வருவேன்."

"எங்க உக்காருவீங்க?"

பால்ஸ் சுற்றிலும் பார்த்தார். மலையைக் குடைந்து போகும் ரயில் சுரங்கப்பாதைக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து உட்காரலாம். அதிகாரி டேப்பை இழுத்தார். மலையின் அகலம் ஒரு மீட்டர் நாற்பது. வாசல் எண்பது சென்டிமீட்டர். பால்ஸ் உள்ளே கொண்டுபோனதெல்லாம் கம்பி, காகிதம், சுண்ணச்சாந்து. மலையாக எதையும் கொண்டுபோகவில்லை. வெளியே வரும்போது அது மலையாகத்தான் வரவேண்டும் என்பது பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவருக்கு உறைக்கவில்லை. ஐந்து நாளுக்குள் காலி செய்யக்கூடிய அறையாக இருக்கவேண்டும், மூன்று வாரத்தில் மறுபடி வருவேன், இல்லையென்றால் உடைக்கவேண்டி வரும் என்று அந்தப் பெண் மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பால்ஸுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. தினமும் காலையில் வாசலை அளந்தார், ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்திருக்குமோ என்று. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த டோர்லி தடையை மீறிக் கீழே இறங்கினார். நீளவாக்கில் ரெண்டாக அறுத்துவிட்டால் ஆளுக்குப் பாதியாகத் தூக்கிக்கொண்டு போகலாமே என்றார்.

"மலையை யாராவது ரம்பத்தால அறுப்பாங்களா?"

"பேப்பர்ல மலை செஞ்சவன் அறுக்கலாம்."

எதற்கும் சேதமில்லாமல் எங்கே கோடு போடலாம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார் டோர்லி. விரல் தெருவோடு போனது. ரொட்டிக்கடை, குண்டெர்ட்டின் கொட்டகை. அடுத்து ஒரு வெறும் புல் சரிவு, அதில் தண்டவாளம் வளைந்து போனது. அதற்கு அப்பால் ஸ்டூஸி வீடு, உடைந்த ஜன்னல் கதவோடு. விரல் திரும்பி வந்து புல் சரிவில் நின்றது.

"நம்ம வீடு எங்க, பால்ஸ்?"

பால்ஸ் தொண்டையைச் செருமினார். ரயில் கவிழாமல் திரும்ப வளைவு பெரிதாக இருக்கவேண்டும், வளைவுக்கு அந்த இடம்தான் தோதாக இருந்தது என்று விளக்கினார். ஊரில் அறுபத்து மூன்று வீடு. அவர் கட்டியது அறுபத்து இரண்டு.

"ஸ்டூஸி வீட்டு நாய்க்கூண்டு இருக்கு."

"அது சின்னது."

டோர்லி புல் சரிவிலிருந்து விரலை எடுத்தார். "பதினோரு வருஷமா நான் மேல தனியா உக்காந்து, என் வீட்டுக்காரர் நம்ம ஊரையே கட்டுறார்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமையடிச்சிருக்கேன்" என்றார். பிறகு கையை நீட்டினார். "ரம்பத்தைக் குடு. இங்கயே அறுக்குறேன். இங்கதான் யாருமே குடியில்லையே."

அவரேதான் அறுத்தார். பலகை, வலை, பதினோரு வருஷச் செய்தித்தாள் எல்லாம் சேர்ந்து கரகரத்தன. பால்ஸ் பக்கத்தில் நின்று தூசிக்கு வாக்குவம் கிளீனர் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். மலை அறுபடுவதைப் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்திருந்தார். அது ஒன்றும் ஆகவில்லை. மனைவியின் முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

மூன்றாவது வாரம் லாய்ட்சிங்கர் வந்தபோது மலை பழையபடி முழுசாக நின்றது. கீறலே தெரியவில்லை. எங்கே பிரியும் என்று கேட்டார்.

"முதல்ல இந்த வீட்டைத் தூக்கணும்" என்றார் பால்ஸ்.

புல் சரிவில், அறுத்த கோட்டின்மேலே, அறுபத்து மூன்றாவது வீடு கோந்து போட்டு ஒட்டாமல் உட்கார்ந்திருந்தது. தண்டவாளம் இப்போது அதைச் சுற்றிக்கொண்டு போனது. வளைவு இறுக்கமாகிவிட்டதால் பால்ஸ் உயிரை விட்டுச் செய்த சாப்பாட்டு ரயில்பெட்டி ஒவ்வொரு சுற்றிலும் அந்த வீட்டு வாசலில் தடம் புரண்டது. அவர் ஒவ்வொரு முறையும் எடுத்து வைத்தார், முணுமுணுக்காமல்.

வீட்டைத் தூக்கியவர் டோர்லி. முதல்முறையாக அப்போதுதான் பார்க்கிறார். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு மாடி ஜன்னலில் கண்ணை வைத்தார். படுக்கையறை தெரிந்தது. இரண்டு கட்டில். டோர்லியின் கட்டிலோடு ஒட்டி, அவரைவிதை அளவில் ஒரு சாக்கு மூட்டை.

"அடப்பாவி, உருளைக்கிழங்கையும் வச்சிருக்கியா?"

"அளவு சரியா இருக்கணும்ல" என்றார் பால்ஸ், தரையைப் பார்த்தபடி.

அதிகாரி இரண்டு பாதியும் வாசலைத் தாண்டுவதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பால்ஸ் நிஜ மூட்டையைத் தானே சுமந்து வந்து சுரங்கப்பாதைக்குக் கீழே வைத்தார். அப்படியானால் அளவுப்படி சின்ன மூட்டையையும் எடுத்துவிட வேண்டும் என்று சின்ன இடுக்கியோடு வந்தவரை டோர்லி எடுக்க விடவில்லை.