உம் கொட்டுகிறவள்

நான் பிறந்தது விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில், கடல் கண்ணில் படாத கரிசல் காட்டில். அங்கே ஒருவர் கதை என்று ஆரம்பித்தால், கேட்கிறவர்களில் ஒருவர் உம் கொட்டியே ஆக வேண்டும். சொல்கிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஓர் 'உம்'. அது நின்றால் கதையும் நின்றுவிடும். சொல்கிறவர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். உம் கொட்டுகிறவருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குறுக்கே பேசக் கூடாது, இது மெய்யா பொய்யா என்று தோண்டக் கூடாது. நான் இங்கேதான் இருக்கிறேன், நீ மேலே சொல்லு, அவ்வளவுதான் அந்த உம்முக்கு அர்த்தம். ஐந்து வயதிலேயே எனக்குத் தெரிந்த சங்கதி. ஐம்பத்தாறு வயதில் மறந்து தொலைத்தேன்.

கல்யாணமாகித்தான் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தேன். அவருக்கு இங்கே கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. இரண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். மாற்றல் வரவில்லை. பிள்ளையும் பிறக்கவில்லை. பிறகு ஒரு நாள் அவரும் போய்ச் சேர்ந்தார். எனக்கென்று மிஞ்சியது முன்னறையில் ஒரு தையல் மிஷினும், ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிற பெண்களும்தான். பிறந்த ஊருக்கே திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்காத ஆள் இல்லை. அங்கே மட்டும் எனக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மிஷினை மூடிவிட்டு ஏலக்கூடத்துக்குப் போவேன். மீன் வாங்க இல்லை. ஒற்றை ஆளுக்கு என்ன மீன் வேண்டியிருக்கிறது? வள்ளங்கள் கரைக்கு வரும்வரை மீன்காரப் பெண்கள் அலுமினியப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணி நேரம், கச்சான் காற்று ஓங்கி அடித்தால் இரண்டு மணி நேரம். அந்தப் பேச்சுக்காகப் போவேன். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நான் அம்மன் கோயிலுக்கு. கடலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் நகர்ந்து இடம் விடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் கதை சொல்கிறவள் ஒருத்திதான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தவர், எப்போதோ தவறிவிட்டார். ஒரே மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். இவள் தெருத்தெருவாக மீன் விற்கிறாள். வாயைத் திறந்தால் போதும், பொழுது போவது தெரியாது. புருஷன் கொண்டுவந்த சிப்பி ஒன்றில் ஒரு முத்து இருந்ததாம். அதைக் கழுவி முற்றத்தில் வைத்தபோது கோழி விழுங்கிவிட்டதாம். கோழியை அறு என்கிறார் மாமியார். முட்டையிடுகிற கோழி, தொடவிட மாட்டேன் என்கிறாள் இவள். மூன்று நாள் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு குச்சியோடு கோழியின் பின்னாலேயே குனிந்து திரிந்ததை அவள் நடந்து காட்டுவாள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கும். ஒரு நாள் சொல்லும்போது முத்து கிடைத்துவிடும். இன்னொரு நாள் கிடைக்காது. யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கதையை நான் முதல்முதலில் கேட்ட அன்றைக்கு என்னை அறியாமலே உம் கொட்டிவிட்டேன். இங்கே அந்தப் பழக்கம் கிடையாது. ஒருத்தி பேசினால் நாலு பேர் குறுக்கே விழுந்து பேசுவார்கள்.

"இது என்னளா, மாடப்புறா மாதிரி உம்முங்கா!" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. "ஏ, சும்மா கெடங்க. இவ உம்முங்கையிலதான் எனக்குக் கத ஓடுது. நீ கொட்டுளா," என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு உம்காரி என்று பேர். நான் போய் உட்காரும்வரை கதையை எடுக்க மாட்டாள். மற்றவர்கள் அவசரப்படுத்தினால், "உம்காரி வரட்டும், பொறு," என்பாளாம். நமக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்பது லேசான விஷயமா? அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச இருபத்து மூன்று மணி நேரத்தையும் ஓட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பிரித்துத் தைக்க வேண்டிய ஊதா ரவிக்கை. அதை மிஷின்மேல் போட்டுவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"ஏளா, இதுல ஏதும் கோளாறான்னு பாரு. மணியே அடிக்க மாட்டேங்கு."

என் போனிலிருந்து அவள் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். உடனே மாதா பாட்டு பாடிக்கொண்டு அடித்தது. "அடிக்குதே அக்கா, நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

பாட்டு முடியும்வரை அவள் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவன்தான் கூப்புடல," என்றாள். "எட்டு மாசமாச்சுளா." பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மகன் கல்யாணத்துக்குப் பிறகு கொச்சியில் வீடெடுத்துக்கொண்டு போய்விட்டானாம். இப்போது கப்பலில் இருக்கிறானா, கரையில் இருக்கிறானா என்பதே இவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு பேச்சு தடித்துவிட்டது என்றாள். என்ன பேச்சு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, உம் கொட்டினேன். "யாருட்டயும் சொல்லிராத, என்ன?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். ஏலக்கூடத்தில் பதினைந்து பேர் இருந்தோம். அன்றைக்கு அவள் எடுத்தது மகன் கதை.

"நேத்து எம்மவன் போன்ல வந்தான். கப்பல் ஏதோ பனி விழுத நாட்டுல நிக்குதாம். கப்பல் மேல பூரா வெள்ள வெளேர்னு கெடக்காம். நம்ம உப்பளத்துல வாருத மாதிரி வாரி வாரிக் கடல்ல கொட்டுதானாம். 'எம்மா, ஒனக்கு ஒரு மூட்ட அனுப்பட்டா'ன்னு கேக்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் உம் கொட்டினேன். பொய் என்று தெரியும், தெரிந்துதான் கொட்டினேன்.

"தெனமும் பேசிருவான்ளா. காலையில ஒரு வாட்டி, சாயந்திரம் ஒரு வாட்டி. 'சாப்ட்டியாம்மா'ன்னு கேட்ட பெறவுதான் அவன் சாப்புடுவான்."

அதற்கும் கொட்டினேன். ஒருத்தி பெருமூச்சு விட்டு, "கொடுத்து வச்சவக்கா நீ," என்றாள்.

"பெத்தவளுக்குத்தான் தெரியும் அந்த ருசி," என்றாள் அவள். "பெறாதவளுக்கு என்ன சொன்னாலும் வெளங்காது."

அவள் என்னை நினைத்துச் சொல்லவில்லை. கதை ஓடிய ஓட்டத்தில் வந்த பேச்சு அது. இப்போது தெரிகிறது. ஆனால் எதிரே இருந்த இரண்டு பேர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு அவசரமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்தத் திரும்பல்தான் என்னைச் சுட்டது. முப்பது வருஷமாக விசேஷ வீடுகளில் நான் பார்த்துவரும் திரும்பல் அது.

"எட்டு மாசமா போன் வரலன்னு எம் மிஷின்கிட்ட உக்காந்து அழுதியே அக்கா, அது எந்த மவன்?" என்று கேட்டேன்.

சத்தம்கூடப் போடவில்லை. உம் கொட்டுகிற அதே குரலில், அவள் மூச்சு வாங்கிய அதே இடத்தில் கேட்டேன். அதனால் ஒரு சொல் விடாமல் எல்லாருக்கும் கேட்டது.

அவள் திட்டியிருக்கலாம். போளா மூதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். திட்டவில்லை. அடுத்த வரிக்காகத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அப்போது முதல் வள்ளம் வந்தது. எல்லாரும் எழுந்து ஓடினார்கள். அவளும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து வள்ளம் வந்த பிறகுதான் அவள் கரைக்கு வந்தாள். கூடத்தின் மறுகோடியில் நின்று மீன் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு போனை எடுத்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார்கள். யாரும் என்னை விரட்டவில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "நீ உம்முனே இருந்திருக்கலாம்லா." நான் ஒரு வாரம் போய் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு போவதை நிறுத்திவிட்டேன்.

சவத்து எளவு, வாய்க்குப் பழகியது போகவே மாட்டேன் என்றது. டிவியில் வானிலைச் செய்தி வாசிக்கிறவள் மூச்சு வாங்கினால் நான் உம் என்பேன். குக்கர் விசில் அடித்தால் அதற்கும் உம். நாள் முழுக்க வாயிலிருந்து வேறு சத்தமே வராமல் போன நாட்கள் உண்டு. கோட்டி பிடித்துவிட்டதோ என்று எனக்கே பயமாக இருந்தது.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளுக்குப் போன் போட்டேன். அவர் வேறு ஒரு அழைப்பில் இருக்கிறார் என்றது பதிவுக்குரல். அதற்கும் உம் கொட்டினேன். மகன்தான் பேசுகிறான் போலிருக்கிறது என்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா! மறுநாள் போட்டேன், அதே பதில். அதற்கு மறுநாளும் அதேதான். சுடிதார் தைக்கக் கொடுக்க வந்த கல்லூரிப் பெண்ணிடம், "மவன் இப்ப ஓயாம பேசுதான் போல," என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என் போனை வாங்கி ஒரு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு தன் போனிலிருந்து போட்டாள். மணி அடித்தது. அவசரமாக அதைக் கட் பண்ணிவிட்டு, "அத்தை, அவங்க உங்க நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்காங்க," என்றாள். சரி தாயீ என்று சொல்லிவிட்டு அவளுக்குக் கை அளவு எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக எடுத்தேன்.

மழை முடிந்து தவக்காலமும் வந்துவிட்டது. அந்த ஊதா ரவிக்கை தைத்து முடித்து, ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. காலையில் கண் விழித்ததும் அதுதான் கண்ணில் படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏலக்கூடம் கிடையாத நாள், அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, புத்தகத்தில். அதை யாரும் வாயால் சொல்லி இந்தப் பக்கத்தில் நான் கேட்டதில்லை. இருந்தாலும் வழி நெடுக அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்திருந்தது. குசினியில் தரையில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி, ஒருவருக்குச் சமைக்கிற சட்டி. என் வீட்டிலும் அதே அளவில் ஒன்று இருக்கிறது.

"அக்கா, ரவிக்க," என்றேன்.

செதில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரவிக்கையை அரிசி டின்மேல் வைத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த சொல் தொண்டைக்குக் கீழேயே நின்றுகொண்டது. திரும்பிப் போயிருக்க வேண்டியதுதான். கால் போகவில்லை. குசினி வாசலில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வந்தது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நேத்து எம்மவ போன்ல வந்தா," என்றேன்.

கத்தி நின்றது. எனக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை என்பது இந்த ஊரில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கர்ப்பப்பை வைத்தியத்துக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவள் அவள். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தி மறுபடியும் ஓடியது.

"பெங்களூர்ல இருக்கால்லா. மாடி வீடு. மருமவனுக்குக் கம்பெனி வேல," என்றேன். உம் இல்லை. எங்கள் ஊர்க் கணக்குப்படி கதை அங்கேயே நின்றிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. "எம்மா, நீ இங்கன வந்து இருன்னு கூப்புடுதா. எனக்குத்தான் மிஷின விட்டுட்டுப் போவ மனசில்ல."

உம் இல்லை. எனக்குக் கதை சொல்லத் தெரியாது. மகள் என்ன நிறம், யார் ஜாடை என்று ஒன்றுமே ஓடவில்லை. அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

"பேத்திக்குப் பல்லு மொளச்சிருக்காம்," என்றேன் கடைசியாக. "மேல ரெண்டு."

செதில் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"கீழதாம்ளா மொதல்ல மொளைக்கும்," என்றாள்.

"கீழதான்க்கா," என்றேன். "கீழதான் ரெண்டு."

"உம்," என்றாள்.