என்னைக் கொடுத்த கோடை

அந்தக் கோடையில் மொன்றியலில் எங்கே போனாலும் ஒரே வழக்குத்தான். நகரத்து பேஸ்போல் அணியின் பழைய பிட்சரை வேறு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு இளசுகளை வாங்கலாமா, வேண்டாமா? பிட்சர் என்றால் மட்டைக்காரருக்குப் பந்து எறிகிறவர். ஆட்டத்தின் பாதிப் பாரம் அவர் தோளில்தான். வானொலியில் சண்டை, மெத்ரோவில் சண்டை, தெருமுனை டெப்பனர் கடையில் பாலும் பாணும் வாங்கப் போனால் அங்கேயும் சண்டை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் என் குரல்தான் பெரிது.

"குடுத்துத் தள்ளவேணும். நாலு பேர் கேக்கிற நேரத்திலயே குடுத்திடவேணும். ஒருத்தரும் கேளாத காலத்தில வைச்சிருந்து என்ன செய்யிறது? விளையாட்டில இரக்கம் பாக்கேலாது."

மேசையில் தட்டித் தட்டிச் சொல்வேன். சோற்றுப் பெட்டிகள் துள்ளும்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. ஞாயிறு தோறும் தேவாலயத்தில் பூசை முடிந்து, வில்லரேயில் ஒரு பூங்காவில் எங்கள் பங்குச் சபையின் அணி விளையாடும். யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும் சேர்ந்த அணி. அது தொடங்கிய நாளிலிருந்து நான்தான் பிட்சர். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்தால் நடுவர் உடனே கையை நீட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து விடவைத்த அந்தப் பாவத்தை இங்கே திரும்பப் பழகி எடுக்க எனக்கு இரண்டு கோடை பிடித்தது. பழகிய பிறகு என்னை அசைக்க ஆளில்லை என்று நினைத்திருந்தேன். நகரத்துப் பிட்சரையும் என்னையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

எங்கள் அணித்தலைவர் என் மனைவியின் தம்பி. அவனும் அதே களஞ்சியத்தில்தான் வேலை. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்து, நான் பேசுவதையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

யூலை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணி குடித்தான். நிலக்கீழ் அறையில் ஈரம் கசிகிறது என்று கதைத்தான். வெறும் கோப்பையை இரண்டு தரம் வாயில் வைத்தான். பிறகு சொன்னான்:

"அத்தான், நீங்கள் சொன்னதுதான் சரி எண்டு படுது."

"எது?"

"பழைய பிட்சரைக் கேக்கிற நேரத்தில குடுத்திடவேணும் எண்டது. நோத்ர-டாம்-த-கிரேஸ்காரர் உங்களைக் கேக்கினம்."

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. யூலை முடிவதற்குள் இரண்டு அணிகள் ஒத்துக்கொண்டால் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். நோத்ர-டாம்-த-கிரேஸ் அணி தமிழ்நாட்டு டாக்டர்மாரும் என்ஜினியர்மாரும் சேர்ந்தது. அவர்களிடம் பிட்சர் இல்லை. ஆனால் மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்க அருமையான ஒரு பொடியன் இருந்தான். எங்களுக்கு அவன் தேவை. எங்கள் அணியில் இன்னொரு இளம் பிட்சரும் எனக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அனுபவம் எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ?"

"அதுக்கும் நீங்கள்தான் பதில் சொன்னனீங்கள் அத்தான். அனுபவம் பந்து எறியாது, கைதான் எறியும் எண்டு."

"அது வேற ஆளைப் பற்றிச் சொன்னது!"

அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, திங்கக்கிழமையில சேர்ட் போட நான்தானே உங்கடை கையைத் தூக்கிவிடுறன். அவன் சொல்லுறதில என்ன பிழை?" என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் இரண்டு நாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, சாப்பாட்டை வண்டிகள் ஏற்றுகிற முற்றத்தில் தனியே இருந்து சாப்பிட்டேன். அழுகை வந்தது என்றால் நம்பமாட்டீர்கள். வந்தது. கை போனதற்காக இல்லை. அது போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். என்னை விட்டுவிட்டும் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக விளையாடுவார்கள் என்பதுதான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் மச்சானிடம் போய், "ஓம், போறன்" என்றேன்.

புது அணியில் முதலாம் நாளே என்னை எல்லோரும் "வாங்க சார்" என்றார்கள். சொன்னவர்களில் ஒருவர் இருதய நோய் டாக்டர், ஒருவர் கணிதப் பேராசிரியர். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது சார் வருகிறாரோ என்று. அவர்களுடைய ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல? மட்டையைப் போட்டுவிட்டு ஓடவேண்டிய ஆட்டத்தில், கிரிக்கெட் ஞாபகத்தில் மட்டையையும் தூக்கிக்கொண்டே ஓடினார்கள். பேராசிரியர் பந்து எங்கே விழும் என்று சரியாகச் சொல்லுவார், அங்கே போய்ச் சேரத்தான் மாட்டார். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது. அவர்கள் கோபிக்கவில்லை. "கரெக்ட் சார்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த தடவையும் மட்டையோடுதான் ஓடினார்கள். ஆட்டம் முடிந்தால் புல்லில் வட்டமாக இருந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிடுவோம். தோற்ற நாளிலும் அது ருசிக்கத்தான் செய்தது.

டாக்டர் என் தோளை அழுத்திப் பார்த்து, "வேகத்தை விட்டுடுங்க சார், மெதுவா போடுங்க" என்றார். வீம்புக்காக ஒரு வாரம் கேட்கவில்லை. பிறகு போட்டுப் பார்த்தேன். வேகமாக வரும் என்று மட்டையை வீசியவர்கள், பந்து வந்து சேர முன்னமே வீசி முடித்திருந்தார்கள்! இதை இத்தனை வருடம் ஏன் செய்யவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். திங்கட்கிழமைகளில் என் சேர்ட்டை நானே போட்டேன்.

செப்டெம்பரில் என் பழைய அணியோடு ஆட்டம் வந்தது. பழிவாங்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே இருந்தது. மச்சான் மூன்று தரம் மட்டை பிடித்தான். மூன்று தரமும் என் மெதுவான பந்துக்குக் காற்றை அடித்துவிட்டுப் போனான். ஆனாலும் ஒரு ஓட்டத்தால் அவர்கள்தான் வென்றார்கள். எங்கள் பொடியனாக இருந்து அவர்களுடையவனாகிப்போன அந்தப் பந்து பிடிக்கிறவன் அவ்வளவு நன்றாக விளையாடினான்.

நாங்கள் புல்லில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தான். அவர்களின் இளம் பிட்சர் கலியாணம் முடித்து ரொறொன்ரோ போகிறானாம்.

"அடுத்த கோடைக்குத் திரும்பி வாங்கோவன் அத்தான். ஆரை வேணுமெண்டாலும் மாத்தித் தாறம்" என்றான்.

நான் வாயெடுக்க முன்னம் பேராசிரியர் எழுந்துவிட்டார். கையெல்லாம் எலுமிச்சம்பழச் சாதம்.

"மன்னிக்கணும் தம்பி. யாரைக் கொடுத்தாலும் சாரை நாங்க விடறதா இல்லை."

இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ இடங்களில் வேலை செய்திருக்கிறேன். போகிறேன் என்று சொன்னபோதெல்லாம் சரி, போ என்றார்கள். விடமாட்டோம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மச்சானைப் பார்த்தேன். "கேட்டியோ?" என்றேன்.