கதவுக்கு வெளிய பாடம் சொன்ன ரோசம்மா டீச்சர்

ரோசம்மா டீச்சர் போன சேதி எனக்குக் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துலதான் கெடச்சுது. தம்பி பொண்டாட்டி கஞ்சித் தூக்கு எடுக்க மறந்துட்டாளேன்னு ஓடிப்போயிக் குடுத்துட்டு நிக்கிறேன். கங்காணி பேர் கூப்புட்டு முடிச்சு, தாளை மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டே, "குளுவாங் ஆசுபத்திரில டீச்சரு நேத்து தவறிட்டாங்களாம். இன்னிக்கிப் பள்ளிக்கூடம் இல்ல. பெரிய புள்ளைங்கள்லாம் மலைக்குக் கித்தாக் கொட்ட பொறுக்க வந்துரணும்"னு சொன்னான். ரெண்டு சேதியும் ஒரே மூச்சு. சாவு எங்க முடிஞ்சுது, வேல எங்க ஆரமிச்சுதுன்னு தெரியல. ஆளுங்களும் பால் வாளியத் தூக்கிக்கிட்டு ரப்பர் மர நெரைக்குப் போயிட்டாங்க. நானும் கோயில்ல வெளக்குப் போட நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

முப்பதாம் நாள் செபத்துக்குப் பள்ளிக்கூடத்துல கூடுறப்போ படிக்கிறதுக்கு, டீச்சரத் தெரிஞ்சவங்க எழுதிக் குடுங்கன்னு கேட்டுருக்காங்க. நான் ஊர்ல மூணாவது வரைக்கும் படிச்சவ. பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும். கொஞ்சமா பேசவும் வராது, அது உங்களுக்கே தெரியும். அவங்கள நல்லவங்கன்னு எல்லாரும் எழுதுவீங்க. எழுதுங்க. நாம அவங்களுக்கு என்ன பண்ணுனோம்கிறத நான் எழுதுறேன்.

அவங்க யாழ்ப்பாணத்துக்காரங்க, வேதக்காரங்க. வீட்டுக்காரரு நம்ம தோட்டத்து டிரெசரா இருந்து, காய்ச்சல்ல ஊருக்கு மருந்து குடுத்துக் கடைசில அதே காய்ச்சல்ல போனவரு. ஊருக்குப் போகாம டீச்சரம்மா இங்கயே தங்கிட்டாங்க. வாத்தியாரு யாரும் வந்து நெலைக்காத பள்ளிக்கூடம், தொர அவங்ககிட்டயே குடுத்துட்டாரு. தகரக் கூர, முன்னால வகுப்பு, பின்னால அவங்க படுக்குற அறை, அதுக்கும் பின்னால தண்ணி ஓடாம தேங்கி நிக்கிற அல்லூரு வாய்க்கா. வயசு முப்பத்தஞ்சு கூட இருக்காது. என்ன "மாமி"ன்னுதான் கூப்புடுவாங்க.

பள்ளிக்கூடத்த எடுத்த மொத வாரமே புள்ளைங்கள வெளிய எறக்கிட்டாங்க. எழுதறதும் படிக்கறதும் உள்ள. கஞ்சி வேளைக்கி அப்புறம் ஒரு மணி நேரம் வெளிய. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தெனமும். வாய்ப்பாட்டக் கித்தா நெரையில நடக்க வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு நெரைக்கு இத்தன மரம், எட்டு நெரைக்கு எத்தனன்னு ஓடிப் போயி எண்ணிட்டு வரணும். ஒரு நாள் கோயிலு முன்னால நட்ட கம்போட நெழல, கயிறு போட்டு அளந்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் பொறுக்கல.

"ஏன் டீச்சர், நெழல அளந்து என்ன, அதுக்குச் சட்டை தெக்கப் போறீங்களா?"

"வாங்கோ மாமி, உங்கட நிழலையும் அளப்பம். காலமையில நீங்கதான் இந்தத் தோட்டத்திலயே உயரமான ஆள்."

புள்ளைங்க கொல்லுன்னு சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சுட்டேன், கோவமாத்தான் இருந்தேன். "உள்ள உக்கார வச்சு ரெண்டு அடி போட்டா எல்லாம் ஏறிடும்"னு சொன்னேன். "நான் சொல்லிக் குடுத்ததை நானே மறந்து போறன் மாமி. பிள்ளையள் தாங்களாப் பார்த்ததை நான் மறக்கச் சொன்னாலும் மறக்காதுகள்"னாங்க. என் தம்பி மக பாக்கியம் அப்ப ஒம்போது வயசு. பேர் சொல்லவே கூச்சப்படுற புள்ள, வீட்டுக்கு வந்து, எந்த மரத்துப் பட்டையில பூசணம் புடிச்சிருக்கு, எந்தப் பக்கம் சூரியன் சாஞ்சுதுன்னு வாய் ஓயாம பேச ஆரமிச்சுட்டா.

அப்புறம்தான் கொசுப்புழு பாடம். வீட்டுக்காரரு விட்டுட்டுப் போன வெள்ள மங்குத் தட்டும் ஒரு கரண்டியும். தேங்குன தண்ணியக் கரண்டில மொண்டு தட்டுல ஊத்துனா, நெளியிறது கறுப்பா தெரியும். எங்க புழு இருக்கோ அந்த எடத்த சிலேட்டுல எழுதணும். சனிக்கெழம சனிக்கெழம அந்தச் சிலேட்டயெல்லாம் ஆபீசு வராந்தாவுல வரிசையா சாத்தி வப்பாங்க. பாக்கியத்தோட சிலேட்டுல மூணு வாரமா ஒரே சேதி: பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி அல்லூர்ல புழு இருக்கு. அந்த அல்லூருக்குப் புழு சாக வாராவாரம் எண்ணெ தெளிச்சாச்சுன்னு ஆபீசுல கணக்கெழுதுற கிராணியார் புத்தகத்துல எழுதி வச்சிருந்தாரு. சுத்திப் பாக்க வந்த வெள்ளக்கார டாக்டரு, சிலேட்டுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டு, படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாரு. கிராணியார் மொகம் சுண்டிப் போச்சாம். அன்னிக்கிச் சிரிச்சவங்க நெறைய பேரு. நானும்தான்.

அடுத்த வாரம் என் மொறை வந்துச்சு. மாரியாத்தா கோயில் செவுத்தோரமா கால் கழுவ ஒரு சிமிட்டித் தொட்டி இருக்கே, கூரத் தண்ணி விழுந்து ரொம்புறது, அதுல பாக்கியம் கரண்டிய விட்டுட்டா. "அத்தை, இங்க பாருங்க, எவ்ளோ நெளியுது." நான் பாக்கல. கன்னத்துல ஒண்ணு வச்சேன். ஆத்தா வாசல்ல இருக்குற தண்ணியில குத்தம் சொல்ற நாக்கு அறுந்துடும்னு சொன்னேன். டீச்சர் கிட்ட வந்து என்னமோ சொன்னாங்க. நான் கேக்குற நெலமையில இல்ல. முந்தானைய உதறிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

அன்னிக்கிச் சாயந்தரமே கிராணியார் கோயிலுக்கு வந்தாரு. என்னைக்கும் "ஏம்மா"ன்னு கூப்புடுற மனுசன், அன்னிக்கி "அத்தை"ன்னாரு.

"அத்தை, அந்த வேதக்காரி ஆத்தா தொட்டியில மண்ணெண்ணெ ஊத்தப் போறாளாமே. நீங்க இருக்கும்போதா?"

"எவ சொன்னா?"

"புள்ளைங்கதான் சொல்லுதுங்க. இன்னிக்கித் தொட்டி, நாளைக்கி அபிசேகக் கொடம். தொரைக்கு ஒரு மனு குடுத்துருவோம். நானே எழுதித் தரேன். நீங்க மொதல்ல போட்டாத்தான் மத்தவங்க போடுவாங்க."

எழுதிக் கொண்டாந்தாரு. கண்ணு தெரியாமலோ படிக்காமலோ போட்டேன்னு நான் சொல்லப் போறதில்ல. ரெண்டு தடவ படிச்சேன். தொட்டியப் பத்தி ஒரு வரிதான் இருந்துச்சு. மிச்சமெல்லாம், பாட நேரத்துல புள்ளைங்களக் காடு மேடெல்லாம் அலைய விடுறாங்க, பாம்பு கடிச்சா யாரு பதில் சொல்றது, கதவுக்குள்ளயே வச்சுப் படிப்பு சொல்லித் தர உத்தரவு போடணும்னு இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். லயத்துப் பொம்பளைங்கள்ல கைநாட்டு வைக்காம பேர் எழுதுறவ நான் ஒருத்தி, அந்தப் பெருமை வேற. எனக்குப் பின்னால நீங்க போட்டீங்க. யார் யார்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பேர் எழுதல.

ஒரு வாரத்துல தொர உத்தரவு வந்துருச்சு. பள்ளிக்கூட நேரத்துல புள்ளைங்க கதவத் தாண்டக் கூடாது.

டீச்சர் என்னத் தேடி வந்தாங்க. சண்டைக்கு வராங்கன்னு நான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னேன். வாசல்லயே செருப்பக் கழட்டிட்டு வெளியவே நின்னாங்க. "மாமி, சாமியின்ட தண்ணியில நான் எண்ணெய் ஊத்துவனோ? கிழமைக்கு ஒருக்கா இறைச்சுப் போட்டுப் புதுத்தண்ணி விட்டால் காணும். அதைத்தான் அண்டைக்கும் உங்களிட்டச் சொன்னனான்." அவ்வளவுதான். கொரல ஒசத்தல. நான் பொய்யக் கேட்டு ஆடிட்டேன்னு அந்த நிமிசமே புரிஞ்சுபோச்சு. "போட்டது போட்டாச்சு டீச்சர்"னேன். ஆபீசு பத்து நிமிச நட. போயி, என் பேர எடுத்துடுங்கன்னு சொல்லியிருக்கலாம். போகல. கிராணியாரு முன்னால நான் முட்டாளுன்னு ஒத்துக்கணுமே. ஆத்தாவுக்காகத்தான் போட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆத்தா என்னக் கையெழுத்துக் கேக்கல.

அதுக்கப்புறம் அந்த வகுப்பு எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்க சொல்லுங்க. தகரத்துக்குக் கீழ வெக்கையில நாப்பது புள்ளைங்க, ஒரே கூட்டுக் கொரலு. டீச்சர் சன்னல் ஓரமா ஒவ்வொரு புள்ளையா உக்கார வச்சு, கண்ணுல படுறத எழுதச் சொல்லிப் பாத்தாங்க. சன்னல்ல தெரிஞ்சதெல்லாம் ஆபீசுச் செவுரு. சிலேட்டு வராந்தாவுக்குப் போறதும் நின்னுச்சு. அல்லூருக்கு எண்ணெ வருதா வரலையான்னு கேக்க அப்புறம் யாரும் இல்ல.

மழை ஓஞ்சு லாலான் புல்லு மண்டுன மாசம், ஆள் பத்தலன்னு கங்காணி பள்ளிக்கூடத்துக்கே வந்தான். நான் அப்ப பாக்கியத்துக்குச் சோறு கொண்டுபோயி அங்கதான் நின்னேன்.

"பெரிய புள்ளைங்கள வெளிய அனுப்புங்க டீச்சர். புல்லு புடுங்கணும்."

"பாட நேரத்தில பிள்ளையள் கதவைத் தாண்டக் கூடாது எண்டு துரையின்ட கட்டளை. மறந்திட்டீங்களோ?"

"அது வெளையாட்டுக்குப் போறதுக்கு. இது வேல."

"படிக்கப் போனால் பாம்பு கடிக்கும். புல்லுப் பிடுங்கப் போனால் கடியாதோ?"

"இந்தா, ஒன் வேலையப் பாரு. புள்ளையப் பெத்தவங்களே ஒண்ணும் சொல்லல."

கதவுல ரெண்டு கையயும் அகட்டி வச்சுக்கிட்டு நின்னாங்க. கங்காணி அவங்களத் தொடல. அவங்க தோளுக்கு மேலால உள்ள பாத்துப் பேர் கூப்புட்டான், பெரட்டுல கூப்புடுற மாதிரி. புள்ளைங்க ஒவ்வொண்ணா அவங்க கைக்குக் கீழ குனிஞ்சு வெளிய வந்துச்சுங்க. மூணாவதா வந்தது பாக்கியம். பெத்தவங்க ஒண்ணும் சொல்லலன்னு அவன் சொன்னது நெசம்தான். அத்தைக்காரி நான் சோத்துத் தூக்க வச்சுக்கிட்டு அங்கயே நின்னேன், நானும் ஒண்ணும் சொல்லல. பாம்புக்குப் பயந்து மனு போட்ட எந்தத் தகப்பனும் அன்னிக்கி ஆபீசுக்குப் போகல.

அந்த வருசமே அவங்களுக்குக் காய்ச்சல் கண்டுருச்சு. எந்தத் தண்ணியிலேருந்து வந்துச்சுன்னு சத்தியம் பண்ண என்னால ஆகாது. அவங்க தலமாட்டுச் செவுத்துக்கு அந்தாண்ட அல்லூரு, அது மட்டும் தெரியும்.

போகும்போது எல்லாரயும் மன்னிச்சு, தோட்டத்த வாழ்த்திட்டுப் போனாங்கன்னு லயத்துல பேசிக்கிறாங்க. நம்ம மனசு ஆறறதுக்கு அது நல்ல கத. குளுவாங்குக்கு அனுப்ப பாலோ ரயில் ஸ்டேசனுக்கு மாட்டு வண்டி கட்டுன அன்னிக்கி, காலையிலேருந்து பக்கத்துல இருந்தவ நான். கஞ்சி வடிச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். மன்னிச்சுடுங்க டீச்சர்னு சொல்லணும்னுதான் போனேன். வாய் ஓயாதவன்னு பேர் வாங்குனவ. கஞ்சியில உப்பு கம்மின்னு சொன்னேன், மழ வரும்போலன்னு சொன்னேன், ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டேன்னு சொன்னேன். அந்த ஒண்ணு மட்டும் சொல்லல.

அவங்கதான் கேட்டாங்க. "மாமி, பாக்கியம் இண்டைக்கு என்ன செய்யிறாள்?"

சாகக் கெடக்குறவங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். "புல்லு புடுங்கப் போயிருக்கா டீச்சர்"னேன்.

 அவங்க மெதுவா செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாங்க. வண்டி வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பல. தூக்கி ஏத்துனப்பவும் கண்ணத் தொறக்கல. மன்னிச்சதும் இல்ல, வாழ்த்துனதும் இல்ல. கேட்டாத்தானே குடுப்பாங்க, நான் கேக்கல.

மாரியாத்தா என்ன மன்னிப்பா, மன்னிக்க மாட்டா, அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. டீச்சர்கிட்டேருந்து எனக்குன்னு மிஞ்சுனது அந்த முதுகு. தொவச்சுத் தொவச்சு வெளுத்த ரவிக்க, வேர்வையில ஒட்டி, எலும்பு ஒண்ணொண்ணாத் தெரிஞ்ச முதுகு. கோயில்ல கண்ண மூடுனா ஆத்தா மொகத்துக்கு முந்தி அதுதான் வருது. வரட்டும். நான் கண்ணத் தொறக்குறதில்ல.