வாசித்துக் காட்டும் கம்ப்யூட்டர்

அண்ணனின் சிநேகிதர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தால் மத்தியானச் சோற்று வேளை வரை நகர மாட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஒரு பழைய வரிசை வீட்டின் மாடியில் நானும் அண்ணனும் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். அண்ணனுக்கு முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. ஏன் என்று கேட்க வீட்டில் ஆளும் இல்லை. ஹாலில் இருந்த நல்ல நாற்காலிகள் எல்லாம் அந்தக் கூட்டத்துக்கு. டீ கலக்க நான்.

அண்ணனைத் தவிர மூன்று பேர் வருவார்கள். கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த தமிழர், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சீனர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மலாய்க்காரர். நால்வரும் கூட்டாக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் ஹாலில், அம்மாவின் தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தது. இதற்குக் கம்ப்யூட்டர் கிளப் என்று பெயர். எனக்குத் தெரிந்து அவர்கள் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதைவிட, இன்னும் வராத ஒரு கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

ஓர் அமெரிக்கக் கம்பெனி புதிதாக ஒன்று செய்துகொண்டிருப்பதாகச் செய்தி. கப்பலில் மாதக்கணக்கில் மிதந்து வரும் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு வரி இரண்டு வரி வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஓட்டுவார்கள். அது கலரா கறுப்பு வெள்ளையா, பெட்டி எவ்வளவு பெரிது, விசைப்பலகை தனியாக வருமா என்று சண்டை போடுவார்கள். அந்தக் கம்பெனிக்காரனே அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். தோற்றவர் முக்குக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பந்தயம். மெஷின் வராததால் யாரும் தோற்கவும் இல்லை, எனக்கு ரொட்டி சானாய் கிடைக்கவும் இல்லை.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருப்பேன், அண்ணனின் கண் மட்டும் சரியாக இருந்திருந்தால்.

அண்ணன் ஷா ஆலமில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தான். முதலில் மாலை நேரத்தில் தடுமாறினான். பிறகு பக்கத்தில் நிற்பவர் மேல் மோதினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தாளைச் சுருட்டி என் கண்ணில் வைத்து, "இப்படித்தான் உங்க அண்ணனுக்குத் தெரியுது. இந்த ஓட்டை இன்னும் சின்னதாகும். மருந்து இல்லை" என்றார். எப்போது முழுக்கப் போகும் என்று கேட்டேன். சில வருடங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் என்னிடம் அந்தப் புது மெஷினின் திரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

அலுவலகத்தில் அவனுடைய மேலதிகாரி நல்ல மனிதர். மலாய்க்காரர். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, டெலிபோன் சுவிட்ச்போர்டில் இருக்கும் அம்மா சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடத்தை உனக்கு வைத்திருக்கப் பார்க்கிறேன், அதற்குள் பார்வை இல்லாதவர்களுக்கான பயிற்சியை முடித்துச் சான்றிதழோடு வா என்று சொல்லிவிட்டார். அந்தப் பயிற்சி நிலையம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். தினமும் காலையில் வெள்ளைத் தடிகள் எங்கள் தெருவைத் தட்டிக்கொண்டு போகும். பிரெய்ல் எழுத்து, டெலிபோன் வேலை எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம் பார்வை இருக்கும்போதே வந்தால் சுலபமாக வரும் என்றும் சொன்னார்கள். அவன் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. சேராவிட்டால் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் நடுவிலேயே போட்டு உடைத்தேன். நாலு பேர் சொன்னால் கேட்பான் என்று நினைத்தேன்.

கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. புது மாடல் வரப் போகிறது என்றால் யாரும் எதையும் வாங்கக் கூடாது. ரிப்பன், டிஸ்க் கூட வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். வாங்கியவனை மாதக்கணக்கில் கேலி செய்வார்கள். அந்தச் சட்டத்தைத்தான் அண்ணன் கண்ணுக்கும் போட்டார்கள்.

"துங்கு டூலு லா, பிரதர்" என்றார் ரேடியோ கடைக்காரர். எதற்கும் அவர் சொல்வது அதுதான், கொஞ்சம் பொறு என்று.

"புது மெஷின் பேசும்னு சொல்றாங்க தங்கச்சி" என்றார் கிள்ளான்காரர். "எதைப் போட்டாலும் படிச்சுக் காட்டுமாம். அது வர்ற நேரத்துல போயி புள்ளி புள்ளியா தடவிப் படிக்கிறது, பழைய மாடலை வாங்குற மாதிரி."

"யாருங்க சொன்னா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்றாங்க லா."

அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். வெள்ளைத் தடியைக் கையில் எடுக்காமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது.

அந்தக் கிளப்புக்கு ஒரு செய்தித்தாளும் உண்டு. வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த பாவத்துக்கு நகலெடுப்பதற்கு நான்தான் ஸ்டென்சில் வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்த மாதம் அண்ணன் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். புது மெஷின் எப்படி இருக்கும் என்று அவனுடைய ஊகங்கள். கடைசியில் ஒன்று சொன்னான்: பார்வை குறைந்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தன் தண்ணீர் பில்லை அந்த மெஷின் வாசிக்கக் கேட்பார். தண்ணீர் பில்லை யாராவது கம்ப்யூட்டரில் கேட்பார்களா என்று எனக்குச் சிரிப்பு. "அடி ம்மா, நீ அடி" என்றான். அடித்தேன். அது கிள்ளான், ரவாங், ஜொகூர் என்று இதே பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் தபாலில் போனது.

பல மாதம் கழித்துக் கிள்ளான்காரர் மாடிப்படியில் செருப்பைக் கழற்றும்போதே கத்திக்கொண்டு வந்தார். "பாஸ், உறுதியாயிருச்சு! சிங்கப்பூர்காரனே எழுதிட்டான்!"

அவர் கையில் சிங்கப்பூர் கிளப் ஒன்றின் செய்தித்தாள். நம்பகமான வட்டாரங்கள் தெரிவிப்பதாவது என்று ஆரம்பித்திருந்தார்கள். அண்ணனால் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க முடியாததால் நானே உரக்கப் படித்தேன். பார்வை குறைந்தவர் வந்தார். நாற்காலியில் சாய்ந்தார். தண்ணீர் பில்லை மெஷின் வாசிக்கக் கேட்டார்.

"இது நம்ம வீட்டுத் தண்ணி பில்லுண்ணே" என்றேன். "நீ சொல்லி நான் அடிச்சது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கானுங்க."

பிறகு கணக்கு வாத்தியார், ஒரே விஷயம் இரண்டு இடத்திலிருந்து வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு இடமா? ஒரே இடம்தானே, அதுவும் எங்கள் ஹால்தானே என்று கத்தினேன். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

"உண்மையா இருக்கப் போயிதான் அவனும் எழுதியிருக்கான்" என்றான் அண்ணன். "உனக்கு எப்பவும் நான் தோத்தாதான் சந்தோஷம்."

அவன் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நான் டீ கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்த வருடம் பயிற்சி நிலையத்தில் ஆள் எடுத்தார்கள். அவன் போகவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மழை நாட்களில் அண்ணனைக் கையைப் பிடித்துக் கால்வாய் தாண்டி வீடு சேர்த்தவர் அந்த ரேடியோ கடைக்காரர். பழைய கம்ப்யூட்டரில் எந்த விசைக்கு அடுத்து எந்த விசை என்று அண்ணனுக்கு மனப்பாடம் ஆகும்வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் வாத்தியார். பார்க்காமலேயே அதில் அவன் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதுவான். அவர்கள் அவனை நேசித்தார்கள். அதனால்தான் அவன் ஆசைப்பட்டதையெல்லாம் வரும் வரும் என்று சொன்னார்கள். எனக்கு ஆத்திரம் தீராததற்கும் அதுதான் காரணம். கெட்டவர்களாக இருந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன்.

மெஷின் ஒருவழியாக வந்தது. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் உள்ளூர் ஏஜென்ட் அதைக் காட்டினார். அண்ணன் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டான். மினி பஸ்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மேடையில் துணியை விலக்கியதும் அந்தச் சின்னப் பெட்டி ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. மூக்கடைத்த குரல். மண்டபமே கைதட்டியது. அண்ணன் என் மணிக்கட்டை நசுக்கினான். "கேட்டியா? கேட்டியா?" என்றான். நானும் கைதட்டினேன். நான்தான் முட்டாள், அவன்தான் சரி என்று அந்த நிமிடம் மனதார நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

பிறகு அருகில் போய்ப் பார்க்க விட்டார்கள். டை கட்டிய விற்பனைப் பையனிடம் அண்ணன், நான் எழுதுவதை இது வாசித்துக் காட்டுமா என்று கேட்டான். அவன், அந்தக் குரல் நிகழ்ச்சிக்காகப் போட்டது சார், மெஷினோடு வராது என்றான். "இதுல எல்லாமே படம் சார். எதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். பார்த்து அமுக்குனா போதும். ட்ரை பண்ணுங்க" என்று மவுஸை அவன் கையில் கொடுத்தான்.

அண்ணன் அதைத் தள்ளினான். திரையில் ஒரு சின்ன அம்பு ஓடியது. அவனுக்கு மிச்சமிருந்த அந்தச் சின்ன ஓட்டைக்குள் அது அகப்படவில்லை. "எங்க இருக்கு?" என்றான். கிள்ளான்காரர் "இடது பக்கம் பாஸ், இன்னும் மேல, அய்யோ போச்சு" என்றார். அதற்குள் ஒரு படம் திறந்துகொண்டது. மூன்று பேரும் குழந்தைகள் மாதிரிக் கூவினார்கள். யார் முதலில் என்று தெரியவில்லை, மவுஸ் அண்ணன் கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விட்டது. அவன் கையை மேசைமேல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். பழைய மெஷினில் அவனுக்கு விரல்கள் இருந்தன. இதில் அவனுக்கு ஒன்றுமே இல்லை.

மறுநாளே பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னான். அந்த வகுப்பு தொடங்கி வெகுநாள் ஆகிவிட்டது, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். அலுவலகத்தில் சுவிட்ச்போர்டு அம்மா ஓய்வு பெற்று, அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நாள் பிடித்துவைக்க முடியும் என்று மேலதிகாரி தலைகுனிந்து கேட்டாராம். மெடிக்கல் போர்டு கூடியது. அண்ணன் வீட்டோடு வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மூவரும் வந்தார்கள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரித் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு கிள்ளான்காரர், ஆறுதலாக நினைத்துத்தான், "அடுத்த மாடல்ல கண்டிப்பா வரும் பாஸ்" என்றார்.

"நீங்கள்லாம் காத்திருக்கலாம் பாஸ்" என்றான் அண்ணன். "உங்களுக்குக் கண்ணு இருக்கு."

குரலை உயர்த்தவில்லை. அவர்கள் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம் எப்போதாவது வந்தார்கள், பிறகு அதுவும் நின்றது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம். அண்ணன் ஹாலில் உட்கார்ந்திருந்தான். வெளியே தார் உருகுகிற வெயில். நான் கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மழை வரப் போவுதா ம்மா?" என்றான். "ரொம்ப இருட்டிக்கிட்டு வருதே."

நான் எதையும் மூஞ்சிக்கு நேரே சொல்கிறவள். அதனால் எனக்குக் கெட்ட பேரும் உண்டு. அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாண்ணே" என்றேன். "நல்ல மழையா வரும் போல."

"அப்ப துணியெல்லாம் எடு. நனைஞ்சிடப் போவுது."

பின்பக்கம் போனேன். கொஞ்ச நேரம் முன்புதான் காயப் போட்டது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் கூசும் வெயிலில் நின்று, அவன் காதில் விழும்படி ஒவ்வொன்றாக உதறி, எல்லாத் துணியையும் ஈரத்தோடு எடுத்து வந்தேன்.