முன்தண்டு

2024 நவம்பர் 12, செவ்வாய். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, மாத்திரை போட்டுக்கொண்டேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது தோள் எலும்பு முறிந்ததிலிருந்து எல்லாம் இடது கையால்தான். மாலையில், போதும் என்று கழுத்தில் மாட்டியிருந்த கைப்பட்டையைக் கழற்றி வைத்தேன். அடுக்களையில் மனைவி உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பச்சை மாவு வாசனை என் நைனாவின், அப்பாவின், தோள்கட்டு வாசனை.

நான் சிறுவனாக இருந்தபோது, வேப்பமரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்த நைனாவுக்கு வைத்தியர் உளுந்து மாவும் முட்டையும் குழைத்துக் கட்டியிருந்தார். எங்கள் ஊரில் ஒருவர் ஒரு திருவிழாவுக்குச் சாமி தூக்க வராவிட்டால், பல்லக்கில் அவர் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். நைனாவுடையது முன்தண்டு.

"கட்ட அவுத்துவுடு மே. வேற எவனாச்சும் அங்க நின்னுட்டா திரும்பக் குடுப்பானா?" என்று திருவிழாவன்று காலை நைனா அம்மாவிடம் கேட்டார்.

"எலும்பு இன்னும் கூடல, இன்னா அவசரம்? அடுத்த வருசம் நானே சண்ட போட்டு வாங்கித் தரேன்" என்றாள் அம்மா.

"நீ போனா சாமியே எறங்கி ஓடிடும்" என்று சிரித்தபடி அவரே அவிழ்த்துக்கொண்டு போனார்.

அன்று தூக்கினார். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. பிறகு வந்த திருவிழாக்களில் பல்லக்குக்குப் பக்கத்தில் வெறுமனே நடந்தார். தூக்குபவர்கள் தோள் மாற்றும்போதெல்லாம் அவர் தோளும் ஒருமுறை உயர்ந்து இறங்கும். அம்மா சண்டை போட்டிருந்தால் நிச்சயம் வாங்கியிருப்பாள்.

புதன்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக, மனைவியைக் கூப்பிட்டுக் கைப்பட்டையை மாட்டிவிடச் சொன்னேன்.