லென்சுக்குப் போட்ட சட்டை

புதுக் காமிரா வாங்கியவனைக் கண்டாலே பிச்சைமுத்துவுக்கு ஆகாது. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இருபது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருந்தவர். "படம் எடுக்கக் கத்துக்க மாட்டானுங்க, பில்டர் வாங்க மட்டும் ஓடுவானுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காறித் துப்புவார்.

அப்படி அவருக்கு வாய்த்த மகா உருப்படி, மனைவியின் தம்பி சின்னதுரை. நாற்பது வயது ஆள். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஒரு காமிராவோடு வந்து இறங்கியிருந்தான். பில்டர் போடாவிட்டால் லென்ஸ் போச்சு என்று விற்றவன் பயமுறுத்தி, ஒரு வட்டக் கண்ணாடியையும் அவன் தலையில் கட்டியிருந்தான். அதோடு விட்டானா சின்னதுரை? பில்டரில் கீறல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று, அதற்கு மேல் பாலிதீன் தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு மாட்டினான்!

"எடுக்கும்போது கழட்டிடுவேன் மாமா."

"நீ கழட்டிக் கிழிச்ச! படம் எடுக்கிறவன் தூசி வுழுந்தா தொடைச்சிக்கினு போறான். பொத்திப் பொத்தி வெக்கிறவனுக்கு இன்னாத்துக்குடா காமிரா?"

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்குவதற்கு முதல் நாள், கல்வராயன்மலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கல்யாணப் படம் எடுக்கக் கூப்பிட வந்தார்கள். பிச்சைமுத்து அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"களியத் தின்னுட்டு வர்றதுக்கு நான் மலையேறணுமா? மச்சான், நீ போ. உன் தகுதிக்கு அது போதும்."

சின்னதுரை போனான். மறுநாள் மேலே கல்யாணம் நடக்கையில் கீழே சாலையெல்லாம் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. மறியல் முடிந்த பிறகுதான் அவனால் பிலிம் சுருளோடு ஊர் திரும்ப முடிந்தது.

அதற்குள் போலீஸ், மறியலின் முதல் நாள் சங்கராபுரம் சாலையில் மரம் வெட்டியதாக, மலையடிவாரத்து வடக்கனந்தல் குஞ்சம்மாளின் ஒரே மகன் கலையரசனைப் பிடித்துப் போயிருந்தது. அவனோ அன்றைக்கு மலையில் அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றுவிட்டு, மறுநாள்தான் நடந்தே இறங்கி வந்தவன். மலைக்காரர் சொன்ன சாட்சியை ஸ்டேஷனில் யாரும் காதில் வாங்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் தேதி இருக்கிறது, போட்டோவில் அவன் முகம் தெரிந்தால் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றார் வக்கீல். குஞ்சம்மாள் ஓட்டமும் நடையுமாக ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தாள்.

இருட்டறையில் பிச்சைமுத்து ஒவ்வொரு தாளாகக் கரைசலில் போட்டு எடுத்தார். எல்லாம் பால் கொட்டினதுபோல வெளுத்துக் கிடந்தன. மாலை தெரிந்தது, ஆள் நிற்பது தெரிந்தது, மூக்கு முழி எதுவும் தெரியவில்லை. அந்தக் காமிராவில் பார்க்கிற ஓட்டை வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. பாலிதீனைக் கழற்ற மறந்தது அந்தப் புத்திசாலிக்குக் கடைசி வரை தெரியவே இல்லை.

"அறிவுகெட்ட முண்டம்! சட்டை போட்டு வெச்சியே, இப்ப லென்சு பத்திரமா கீதா? சந்தோஷமா?" வெளியே வந்து மச்சானைப் பிடித்துக் கத்தினார்.

குஞ்சம்மாள் ஈரம் சொட்டும் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைத் திட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இவன்தான். ஒரு பக்கமா சாஞ்சி நிக்கிறான் பாருங்க. எனக்குத் தெரியுது. போலீசுக்குத் தெரியணுமே."

பிச்சைமுத்து மறுபடி மச்சான்மேல் பாய்ந்தார். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

"அவருக்கு எடுக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும் இல்லிங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொதல்ல உங்களத்தான கூப்பிட வந்தாங்க. நீங்க ஏன் போவல?"

"கடையில வேலை ஜாஸ்தியா இருந்துச்சிம்மா."

"அந்த வாரம் கடைத்தெருவே மூடிக்கினு இருந்துச்சிங்களே" என்றாள் குஞ்சம்மாள்.